வெளியே போனால் எந்த வீட்டில் படுப்பான்?

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களைப் பற்றிய ஆய்வுக்காகச் சிறைக்குள் நான் எடுத்த முதல் நேர்காணலில் அந்த மனிதர் அழுதார். ஐம்பதைத் தாண்டிய வயது. தண்டனைச் சிறைவாசிகளின் வெள்ளை உடை, தோளில் ஒரு துண்டு. பேசப் பேச அந்தத் துண்டின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். “பாவம் பண்ணிட்டேன் தாயி, இந்த ஜென்மத்துல தீராது” என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது. அன்று மதியம் பேசிய இரண்டாவது ஆளுக்கு முப்பது வயதிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி, “நான் எதுவும் செய்யல மேடம். நிலத் தகராறுல மாட்டிவிட்டுட்டாங்க” என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இருபது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினேன். முதலாமவர்: குற்றவுணர்வு ஆழமாக இருக்கிறது, திருந்தும் வாய்ப்பு அதிகம். இரண்டாமவர்: முழு மறுப்பு, வாய்ப்பு குறைவு.

மறுநாள் என் நெறியாளர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சரிம்மா, ரெண்டு பேரும் வெளியே போனா எந்த வீட்டுல போய்ப் படுப்பாங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. “அப்ப நேத்து பூரா என்னத்தக் கேட்டுட்டு வந்த?”

பாலியல் குற்றங்களையும், அவற்றைச் செய்தவர்களின் மறுவாழ்வையும் படிக்க வந்து பல வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியை விட உருப்படியான ஒன்றை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. குற்றவியல், சமூகப்பணி, உளவியல் படிக்கும் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன். வருகிறவர்கள் நான் பட்ட அடிகளைத் திரும்பப் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியோடு திரும்பப் போய் இரண்டு பேரின் தீர்ப்பு நகலையும் படித்தேன். அழுதவர் மகன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தவர். பாதிக்கப்பட்ட சிறுமியும் அதே வீட்டில் வளர்ந்தவள். தண்டனை முடிந்ததும் அவர் போவதாகச் சொன்ன முகவரி, குற்றப்பத்திரிகையில் சம்பவ இடம் என்று போட்டிருந்த அதே கதவு எண். மறுத்தவருக்கு முகவரியே இல்லை. நான்கு வருடமாக அவரை மனு பார்க்க ஒருவரும் வரவில்லை. (சிறையில் பார்வையாளர் சந்திப்பை எல்லோரும் ‘மனு’ என்றுதான் சொல்வார்கள்.) நான் திருந்தும் வாய்ப்பு அதிகம் என்று எழுதியவருக்கு அதே வீடு காத்திருக்கிறது. குறைவு என்று எழுதியவருக்கு எதுவுமே காத்திருக்கவில்லை. இரண்டுமே ஆபத்து, இரண்டும் வேறு வேறு மாதிரியான ஆபத்து. அழுகையும் மறுப்பும் இதில் எதையும் எனக்குக் காட்டவில்லை.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: ஆளைப் பார்ப்பதற்கு முன் கோப்பைப் படியுங்கள். தீர்ப்பு, சிறையில் ஒவ்வொருவருக்கும் தனியாக வைத்திருக்கும் ‘ஹிஸ்டரி டிக்கெட்’ என்ற பதிவேடு, சில நாள் வீட்டுக்குப் போய்வர விடுப்பு கேட்டபோது நன்னடத்தை அலுவலர் எழுதிய அறிக்கை. கோப்பைப் படிக்காமல் போனால் எதிரில் இருப்பவர் சொல்லும் கதைக்குள் நீங்களும் போய்விடுவீர்கள். கோப்பை மட்டும் நம்பினாலும் தவறுதான். விசாரணை நடந்த விதம், சாட்சி மாறியது, வழக்கறிஞர் சரியாக இல்லாதது எல்லாம் அதன் வரிகளுக்கு இடையில்தான் இருக்கும்.

நம் நாட்டில் ‘தெரியாத ஆள் இருட்டில் வருவான்’ என்ற பயம் இன்னும் போகவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வருடா வருடம் வேறு மாதிரி சொல்கிறது. 2021-ல் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,677. அவற்றில் 96 விழுக்காட்டுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். குடும்பத்தார், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுப்பவர், நண்பர், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னவர் எல்லோரும் இந்தத் ‘தெரிந்தவர்’ வகைக்குள் வருவார்கள் என்பதை மறக்காமல் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் குற்றம் நடக்கும் இடம் பெரும்பாலும் உறவின் எல்லைக்குள்தான் என்பது மாறப்போவதில்லை. திரும்பி வருகிறவரும் அந்த எல்லைக்குள்தான் வருவார்.

இப்போது வாசிப்புக்கு வருகிறேன். அந்த இரண்டு நேர்காணல்களுக்குப் பிறகு நூலகத்தில் நான் தேடியது ஒன்றே ஒன்று: அழுவதற்கும் திரும்பச் செய்யாமல் இருப்பதற்கும் தொடர்பு உண்டா? கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கார்ல் ஹான்சனும் மோனிக் புசியேரும் 1998-ல் 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியிருக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 29,000 பாலியல் குற்றவாளிகள். நான்கைந்து வருடக் கண்காணிப்பில் மறுபடி பாலியல் குற்றத்தில் சிக்கியவர்கள் 13.4 விழுக்காடு. இந்த எண்ணே எனக்கு அதிர்ச்சி, நான் பாதிக்கு மேல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதைவிட அதிர்ச்சி, குற்றத்தை மறுப்பதற்கும் மறுபடி செய்வதற்கும் அவர்கள் தொடர்பு காணவில்லை. பாதிக்கப்பட்டவர் மேல் இரக்கம் காட்டாததற்கும் அப்படியே. குழந்தைகள் மேல் நாட்டம் போன்ற பிறழ்ந்த பாலியல் விருப்பம், முந்தைய குற்றங்கள், சட்டத்தை மதிக்காத பொதுவான வாழ்க்கை முறை, இவைதான் தொடர்புள்ளவையாக வந்தன. நான் குறிப்பேட்டில் எடுத்த எடுப்பில் எழுதிய இரண்டு வரியும் தப்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 13.4 என்பது பிடிபட்டவர்களின் கணக்கு. பிடிபடாதவர்கள் அதில் இல்லை. இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் எத்தனை வருடம் பின்தொடர்ந்தார்கள், மறுகுற்றம் என்று எதை எடுத்துக்கொண்டார்கள் (மறுகைதா, மறுதண்டனையா), யாரோடு ஒப்பிட்டார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் எந்த விழுக்காட்டையும் மேடையில் சொல்லாதீர்கள், யாருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் பெரிய பாடம். அங்கே 1990-களின் தொடக்கத்திலிருந்து சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்று நடந்துவந்தது. குழுவாக உட்கார வைத்து, செய்த குற்றத்தை விரிவாகச் சொல்ல வைத்து, பாதிக்கப்பட்டவரின் வலியை உணர வைப்பது அதில் முக்கியமான பகுதி. கேட்கும்போதே சரி என்று படும். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். 2017-ல் அதன் மதிப்பீடு வெளிவந்தது. சிகிச்சை பெற்ற 2,562 பேரை, பெறாத 13,219 பேரோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக எட்டு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் மறுபடி பாலியல் குற்றம் செய்தவர்கள் 10 விழுக்காடு, பெறாதவர்களில் 8 விழுக்காடு. பல வருடம் நல்ல எண்ணத்தோடு உழைத்த ஒரு திட்டம் நன்மை செய்யவில்லை, கொஞ்சம் கெடுதலும் செய்திருக்கலாம். அரசு அதைக் கைவிட்டு ஹொரைசன், கைசன் என்ற புதிய திட்டங்களுக்கு மாறியது. அவற்றில் பழைய குற்றத்தைக் கிளறுவதைவிட, ஆசையை அடக்குவது, உறவுகளைக் கையாள்வது, வெளியே வாழ்க்கையை அமைப்பது போன்ற திறன்களுக்கே அழுத்தம் தந்தார்கள்.

இதை வைத்துச் சிகிச்சையே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. ஆபத்து அதிகம் உள்ளவருக்கு அதிகக் கவனம், குற்றத்துக்குக் காரணமான விஷயங்களைக் குறிவைப்பது, ஆளின் கல்வியறிவுக்கும் சுபாவத்துக்கும் ஏற்ற முறையில் நடத்துவது என்று ஆண்ட்ரூஸ், பாண்டா ஆகியோர் 1990-ல் வகுத்த மூன்று நெறிகளைப் பின்பற்றும் திட்டங்கள் பொதுவாக நல்ல பலன் தருகின்றன. நல்ல எண்ணம் மட்டும் போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இங்கே சிறைகளில் யோகா, பஜனை, தியானம் என்று எத்தனையோ நடக்கின்றன. மனதுக்கு அமைதி தரலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. அவை ஒரு குழந்தையைக் காப்பாற்றுகின்றனவா என்பது வேறு கேள்வி. அதை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

வெளிநாட்டு அளவுகோலை அப்படியே கொண்டுவந்து நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மறுபடி பாலியல் குற்றம் செய்யும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட ஸ்டாட்டிக்-99 என்று ஒன்று உண்டு. ஹான்சனும் டேவிட் தார்ண்டனும் 1999-ல் உருவாக்கியது. பத்துக் கேள்விகள், கோப்பைப் பார்த்தே மதிப்பெண் போடலாம். உலகில் இந்தத் துறையில் மிக அதிகம் பயன்படும் கருவி. ஆர்வத்தில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிறைவாசிகளின் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் மதிப்பெண் போட்டேன். கிட்டத்தட்ட எல்லோருக்கும் குறைந்த ஆபத்து என்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நெறியாளர் ஒவ்வொரு கேள்வியாக எடுத்துக் காட்டினார். அதில் ஒன்று, துணையோடு இரண்டு வருடமாவது சேர்ந்து வாழ்ந்திருக்கிறாரா என்பது. கனடாவில் ஒருவர் இன்னொருவரோடு இரண்டு வருடம் ஒத்துப்போய் வாழ்ந்தார் என்றால் அது அவருடைய உறவுத் திறனைக் காட்டும். நம் ஊரில் இருபத்து மூன்று வயதில் வீட்டில் பார்த்துக் கட்டிவைத்துவிடுவார்கள், மனைவி என்ன பட்டாலும் சேர்ந்துதான் இருப்பாள். அங்கே ஒரு திறனின் அடையாளம், இங்கே வழக்கத்தின் அடையாளம். இன்னும் சில கேள்விகள் முந்தைய தண்டனைகளைப் பற்றியவை. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தது, மானத்துக்குப் பயந்து புகாரே கொடுக்காமல் விட்டது, சாட்சி பல்டியடித்தது எல்லாம் பூஜ்யம் என்றுதான் பதிவாகும். நம் மக்களிடம் சோதித்துச் சரிபார்க்காத அளவுகோலை வைத்து ஒருவர் ஆபத்தில்லாதவர் என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை நம்பி யாரோ ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறப்பார். அன்றைக்கே அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

பட்டியல் என்று சொன்னேனே, அதிலேயே இன்னொரு சிக்கல். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள், அவர்கள் சம்மதம் செல்லாது. என் பட்டியலில் ‘போக்சோ தண்டனை’ என்ற ஒரே தலைப்பின் கீழ், பேத்தி வயதுக் குழந்தையைச் சீரழித்தவரும் இருந்தார், பதினேழு வயதுப் பெண்ணைக் காதலித்துக் கூட்டிக்கொண்டு போன பத்தொன்பது வயதுப் பையனும் இருந்தான். அவன் என்னிடம் கேட்டது, “அக்கா, அவளுக்குப் பதினெட்டு ஆயிருச்சு, இப்ப மனு பார்க்க வரலாமா?” அஸ்ஸாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களின் 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்த என்ஃபோல்ட் அமைப்பு, அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இப்படிப்பட்ட காதல் வழக்கு என்று 2022-ல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் 2021-ல் ஒரு வழக்கில், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று கூறியிருக்கிறது. இரண்டு வகையையும் பிரிக்காமல் ஆய்வு செய்தால், மறுகுற்றம் குறைவாகத் தெரியும். காரணம் அந்தப் பையன் முதலிலிருந்தே ஆபத்தானவன் இல்லை. அதே சமயம் ‘எங்களுக்குள்ள லவ்வு மேடம்’ என்று நாற்பது வயதுக்காரர் சொன்னால் அதை நம்பிப் பிரிக்கவும் கூடாது. வயது வித்தியாசம், யார் கையில் அதிகாரம் இருந்தது, அந்தப் பெண் நீதிமன்றத்தில் என்ன சொன்னாள் என்று தீர்ப்பில் தேடுங்கள்.

அடுத்தது சட்டம். இதை ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்த யாரும் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் 21-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. ஆராய்ச்சி மாணவருக்கு விலக்கு கிடையாது. நேர்காணலில் ஒருவர் இதுவரை வெளியே தெரியாத இன்னொரு குழந்தையைப் பற்றிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? என் முதல் சம்மதப் படிவத்தில் ‘நீங்கள் சொல்வது அனைத்தும் ரகசியமாக வைக்கப்படும்’ என்று அச்சடித்திருந்தேன். அதை ஒப்புக்கொண்ட ஆய்வு நெறிமுறைக் குழுவிலும் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வழக்கறிஞர் தோழி படித்துவிட்டுத்தான், “இது நீ காப்பாத்த முடியாத வாக்கு” என்றாள்.

படிவத்தை மாற்றினேன். எழுத்து தெரிந்தவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்: போலீசுக்குத் தெரியாத குழந்தை யாரையாவது பற்றிச் சொன்னால் நான் தகவல் கொடுப்பேன், அதை மனதில் வைத்துப் பேசுங்கள். ஒருவர் இதைக் கேட்டும் சரி என்று தலையாட்டினார். அரை மணி நேரம் கழித்து, “எங்க தெருவுல அப்ப இன்னொரு பாப்பா…” என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். சொம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தார். வைத்தார். மறுபடி எடுத்துக் குடித்தார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த அரை வாக்கியம்தான். அதையும் எழுதி, அவருடைய வழக்கைப் பார்த்த மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்தேன். அவரோடு நேர்காணல் அதோடு முடிந்தது. ஆய்வுக்கு ஓர் ஆள் குறைந்தார், அதில் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி கேட்கும் முறையைப் பற்றி. ‘ஏன் செய்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். குடிபோதை, சாத்தான், விதி, எதிரியின் சதி என்று தயாராக ஒரு பதில் இருக்கும். அது வக்கீலுக்கும் நீதிபதிக்கும் சொல்லிப் பழகிய பதில். சம்பவத்துக்கு முந்தைய வாரத்தைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், வேலை இருந்ததா, சாப்பாடு யார் போட்டார்கள், யாரோடு சண்டை, யார் எங்கே படுத்தார்கள். ஒருவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: “அவ மில்லுல நைட் ஷிப்டு மேடம். நான் வேலைய விட்டு ரெண்டு மாசம். புள்ளைங்கள நான்தான் பாத்துக்கிட்டேன்.” அந்த ஒரு வரியில் குற்றத்தின் வரைபடம் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஃபிங்கல்ஹார் 1984-லேயே சொன்னார்: செய்யும் எண்ணம், உள்மனத் தடை உடைவது, வெளித் தடை இல்லாமல் போவது, குழந்தையின் எதிர்ப்பை மீறுவது என்ற நான்கும் கூடினால்தான் இந்தக் குற்றம் நடக்கும். உள்மனத்தை மாற்றுவது கடினம், நேரம் பிடிக்கும். மூன்றாவதை, அந்த வெளித் தடையை, மற்றவர்கள் உண்டாக்க முடியும். வேலைக்குப் போன அந்தத் தாய் மேல் இதில் ஒரு துளியும் பழி இல்லை. அவள் உலை வைக்கப் போனாள். தப்பு முழுக்க அவனுடையது. ஆனால் அவன் திரும்பி வரும்போது வீட்டில் ராத்திரி யார் இருப்பார்கள் என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஒலிப்பதிவுக் கருவி, கைபேசி உள்ளே விடமாட்டார்கள், அதனால் வெளியே வந்த உடனே, பேருந்து ஏறும் முன்பே குறிப்பெழுதிவிடுங்கள். கதவு கண்ணில் படும்படி உட்காருங்கள். சொந்த ஊரைச் சொல்லாதீர்கள். கடிதம் வாங்கி வெளியே கொடுக்காதீர்கள், விடுப்புக்கு ஏற்பாடு செய்வதாக வாக்குத் தராதீர்கள், இரக்கம் வரும்போது வாய் தவறிவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை உங்கள் சொந்தக் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள். குற்றத்தின் விவரத்துக்குள் ஒருவர் ரசித்துப் போவதாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அது ஆய்வுக்குத் தேவையில்லை.

முக்கியமான ஒன்று: குற்றவாளிகளைப் பார்ப்பதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் போய்விட்டு வாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். ஆறு மாதம் சிறையில் கதை கேட்ட பிறகுதான் ஒரு போக்சோ நீதிமன்ற வளாகத்துக்குப் போனேன். அங்கே வராந்தா பெஞ்சில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பக்கத்தில் அவள் அம்மா. வழக்கு அன்றும் தள்ளிப்போனது. “இன்னிக்கும் பரீட்சை போச்சும்மா” என்று அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்தது. அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. மறுவாழ்வு என்று நாம் பேசும் ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பெண் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து எழுதுகிறேன். அவளுக்கு வேண்டியது அவன் இன்னொரு பிள்ளையிடம் இதைச் செய்யாமல் இருப்பது. அதற்கான வேலைதான் இது என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அவன் மேல் இரக்கம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வேலை நடக்க வேண்டும்.

நம் உடம்பும் தாங்க வேண்டும். இரண்டாம் வருடம் எனக்குத் தூக்கம் போயிற்று. அக்கா பிள்ளையை மாமா மடியில் வைத்துக் கொஞ்சினால்கூட உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு மனநல மருத்துவரிடம் போனேன், ஆறேழு முறை பேசியதில் சரியானது. வாரத்துக்கு மூன்று நேர்காணலுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பேச ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வெளியே என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 1994-லும் 1996-லும் வந்த சட்டங்கள் வழியாகப் பாலியல் குற்றவாளிகளின் பட்டியலைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டார்கள். பள்ளி, பூங்கா அருகே குடியிருக்கவும் பல ஊர்களில் தடை. மயாமியில் அந்தத் தூரம் 2,500 அடி. ஊருக்குள் அப்படி ஒரு வீடே மிச்சமில்லாமல் போய், விடுதலையானவர்கள் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். 2010-ல்தான் அந்த இடத்தைக் காலி செய்தார்கள். வேலையில்லை, உறவில்லை, கேட்பாரில்லை. இதனால் எந்தக் குழந்தை பாதுகாப்பாக ஆனது என்று எனக்குப் புரியவில்லை. அதே 1994-ல் கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் ஹாரி நை என்ற பாதிரியார் வேறு மாதிரி செய்தார். தண்டனை முடிந்து வந்த, ஊரே பயந்த ஒருவரைச் சுற்றி ஒரு சின்னக் குழுவை உட்கார வைத்தார். வாரம் தவறாமல் சந்திப்பது, வீடு தேட, வேலை தேட உதவுவது, பொய் சொன்னால் முகத்துக்கு நேராகக் கேட்பது, ஆபத்தாகத் தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது. துணை வட்டங்கள் என்று அது பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவின் மினசோட்டாவில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து இதைச் சோதித்தபோது, வட்டத்தில் இருந்தவர்கள் மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதாவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆய்வு சிறியது, ஆனால் முறையானது.

இங்கே 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு தொடங்கியது. காவல்துறை மட்டும் பார்க்கலாம், பொதுமக்கள் பார்க்க முடியாது. அது சரியான முடிவு. 2019-ல் போக்சோ தண்டனைகளைக் கூட்டினார்கள். கடுமையான பிரிவில் குறைந்தது இருபது வருடம், மரண தண்டனை வரை. 2013, 2014-ல் பத்து வருடம் தண்டனை பெற்றவர்களில் தொடங்கி ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கதவைத் தாண்டும் நாளுக்கு என்ன ஏற்பாடு? விசித்திரம் என்னவென்றால், ஒரு சிறைவாசி சில நாள் விடுப்பு கேட்டால் நன்னடத்தை அலுவலர் வீடு தேடிப் போகிறார், வீட்டில் யார் யார், அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு உண்டா என்று விசாரித்து அறிக்கை தருகிறார். நான் பார்த்த கோப்புகளில் ‘எந்த வீட்டில் படுப்பான்’ என்று அரசு கேட்டது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். தண்டனை முழுதாக முடிந்து போகிறவருக்கு அப்படி ஓர் அறிக்கையை நான் ஒரு கோப்பிலும் பார்த்ததில்லை. துணிப்பையோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போவார், அவ்வளவுதான். இதைப் படிக்கும் மாணவர் யாராவது ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், அந்த விடுப்பு அறிக்கைகளை எடுத்துப் படியுங்கள். விடுதலைக்கு ஆறு மாதம் முன்பும் அதே மாதிரி ஒரு விசாரணை வேண்டும் என்று கேட்க அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

கடைசியாக ஒரு சாயங்காலம். சிறை வாசலுக்கு எதிர்த்த டீக்கடையில் நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் மஞ்சப்பை. “நீதான உள்ள போய்ப் பேசுற பொண்ணு?” என்றார். தம்பி உள்ளே இருக்கிறான், தை மாசம் விடுதலை. “அம்மாவும் செத்துப் போச்சு. வந்தா என் வீட்டுக்குத்தான் வருவான். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. கூட்டிட்டு வரலாமா வேண்டாமா? நீ படிச்சவ, சொல்லும்மா.”

அவன் என்னிடம் பேசியிருந்தாலும் பேசியிருக்காவிட்டாலும் அதை நான் சொல்ல முடியாது என்று முதலில் சொன்னேன். பொதுவாகச் சொல்லலாம் என்றேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவன் தங்க வேண்டாம். பக்கத்தில் தனி ரூம் இருந்தால் நல்லது, சாப்பாடு அங்கே போகட்டும். பிள்ளைகளோடு ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட வேண்டாம், கடைக்குப் போய் வரும் நேரம்கூட. வீட்டுக்காரருக்கு முழு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும், மூடி மறைக்கக் கூடாது. மாமா தொட்டால், தனியாகக் கூப்பிட்டால் அம்மாவிடம் சொல்லலாம், அம்மா திட்டமாட்டேன் என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவனுக்கு வேலை வேண்டும், பெரிய ஆட்கள் மட்டும் இருக்கும் இடத்தில். குடிக்க ஆரம்பித்தால், வேலையை விட்டால், பேச்சைக் குறைத்தால் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். தம்பி என்ற உறவை விட வேண்டாம், மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள், யாருமே இல்லை என்றால் அதுவும் ஆபத்து.

அவர் மனுச் சீட்டைத் திருப்பி வைத்து, என் பேனாவை வாங்கி, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். “வீட்டுக்காரர் பட்டறை மாடில ஒரு ரூம் இருக்கு. ஓடு ஒழுகும். மாத்திரலாம்” என்றார். அப்புறம் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: “இத அவன்கிட்ட யாரும்மா சொல்றது?”

நல அலுவலர், நன்னடத்தை அலுவலர், கண்காணிப்பாளர், நான் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். இது என் வேலை என்று சொல்லக்கூடிய ஒருவரும் அதில் இல்லை. நான் பதில் சொல்லாமல் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சீட்டை நான்காக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார்.

“சரி, அடுத்த மனுவுல நானே சொல்லிக்கிறேன்.”